‘இஃப்’க்கு பதில் ‘ஆனால்’... தமிழிலேயே கோடிங் எழுத முடியுமா? ‘எழில்’ மொழி எப்படி வேலை செய்கிறது?

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் சென்னை புத்தகக் காட்சியில் கணினி நூல்களைப் புரட்டினால் ஒன்றைக் கவனிக்கலாம். கோடிங்கைத் தமிழில் சொல்லித்தரும் புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் விளக்கம் மட்டும்தான் தமிழ். நடுவில் வரும் நிரல் முழுக்க ஆங்கிலம்.

பள்ளியிலும் இதே கதைதான். தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பிளஸ் 1 கணினி அறிவியலில் சி++, பிளஸ் 2ல் பைத்தான். தமிழ்வழி மாணவருக்குப் பாடப்புத்தகம் தமிழில் கிடைக்கிறது. லேப்பில் உட்கார்ந்ததும் ‘இஃப்’, ‘எல்ஸ்’, ‘வைல்’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் எரர், அதுவும் ஆங்கிலத்தில். தப்பு யோசனையிலா, ஸ்பெல்லிங்கிலா என்றே அவருக்குத் தெரியாது.

அந்தச் சொற்களையே தமிழாக்க முடியாதா? முடியும். செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

எழில் என்றால் என்ன?

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழிதான் ‘எழில்’. இதுபற்றிய ஆய்வுக் கட்டுரையை 2009ல் வெளியிட்டார். இது ஓப்பன் சோர்ஸ், அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். புதிதாகக் கோடிங் கற்பவர்களை மனதில் வைத்து உருவாக்கப்பட்டது.

தேர்வு முடிவைச் சொல்லும் ஒரு சின்ன நிரல் எழிலில் இப்படி இருக்கும்:

மதிப்பெண் = 42
@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மீண்டும் முயற்சி செய்"
முடி

அதென்ன ‘ஆனால்’?

இது ‘பட்’ என்ற பொருளில் வரும் ‘ஆனால்’ இல்லை. வந்தால், போனால் மாதிரி நிபந்தனை காட்டும் ‘ஆனால்’. ஆங்கிலத்தில் ‘இஃப்’ முதலில் வரும், நிபந்தனை பின்னால் வரும். தமிழில் நேர் எதிர். ‘மழை வந்தால்’ என்கிறோம், ‘ஆல்’ கடைசியில்தான் வருகிறது. எழிலும் அதே வரிசையைப் பின்பற்றுகிறது. நிபந்தனை இங்கே தொடங்குகிறது என்று கணினிக்குக் காட்டுவதற்குத்தான் அந்த ‘@’ குறி.

கணினிக்குத் தமிழ் எப்படிப் புரிகிறது?

கணினிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. நடுவில் ஒரு மென்பொருள் படித்துச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வழிகள்.

ஒன்று, நிரலைப் படித்தபடியே செய்து முடிப்பது. எழில் இந்த வகை. அதைப் படிக்கும் மென்பொருள் பைத்தானில் எழுதப்பட்டது.

இரண்டாவது, புதிய மொழியில் எழுதியதை ஏற்கெனவே இருக்கும் மொழிக்கு மாற்றிக் கொடுப்பது. இதற்கு ‘டிரான்ஸ்பைலர்’ என்று பெயர். சிம்பிளாகச் சொன்னால், மொழிபெயர்ப்பாளர்.

இது புதுசு இல்லை. இன்று பிளஸ் 1 மாணவர்கள் படிக்கும் சி++ மொழியே ஆரம்பத்தில் இப்படித்தான் ஓடியது. பியான் ஸ்ட்ரூஸ்ட்ரூப் 1980களில் உருவாக்கிய ‘சிஃப்ரன்ட்’ என்ற மென்பொருள், சி++ நிரலை சி நிரலாக மாற்றித் தந்தது. 2012ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்டும் ஜாவாஸ்கிரிப்டாக மாற்றப்பட்டுத்தான் பிரவுசரில் ஓடுகிறது.

‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ செய்தால் போதாதா?

‘ஆனால்’ வரும் இடத்தில் எல்லாம் ‘இஃப்’ போட்டால் வேலை முடிந்ததே என்று தோன்றலாம். இந்த வரியைப் பாருங்கள்:

பதிப்பி "வந்தான், ஆனால் தாமதம்"

மேற்கோளுக்குள் இருப்பது வெறும் செய்தி, கட்டளை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் அங்கேயும் ‘இஃப்’ வந்துவிடும். வரிசைப் பிரச்னையும் இருக்கிறது. தமிழில் கடைசியில் வரும் சொல்லைப் பைத்தானில் முன்னால் கொண்டுபோக வேண்டும்.

அதனால் மென்பொருள் முதலில் சொற்களைப் பிரிக்கிறது. எது கட்டளை, எது பெயர், எது மேற்கோள் என்று வகைப்படுத்துகிறது. பிறகு எது எதோடு சேரும் என்று மரம்போல வரைந்துகொள்கிறது. இலக்கண வகுப்பில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று வாக்கியத்தைப் பிரிப்போமே, அதேதான். அந்த மரத்தைப் பார்த்துத்தான் புதிய மொழியில் எழுதுகிறது.

தமிழுக்கே உள்ள சிக்கல்

எழிலில் ஒரு விடையைத் திருப்பித் தரும் கட்டளை ‘பின்கொடு’. இதில் வரும் ‘கொ’வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு வேறு வேறு! படிக்கும் முன்பே இரண்டையும் ஒன்றாக்காவிட்டால், சரியாக எழுதிய மாணவருக்கும் எரர் வரும்.

இன்னொன்று, பிழைச் செய்தி. தமிழில் எழுதியதைப் பைத்தானாக மாற்றி ஓட்டினால், பிழையை பைத்தான்தான் சொல்லும். அது ஆங்கிலத்தில் இருக்கும், வரி எண்ணும் மாற்றப்பட்ட நிரலின் எண்ணாக இருக்கும். மாணவர் எழுதாத வரியில் மாணவரின் தப்பைத் தேட முடியுமா? எந்த வரி எந்த வரியாக மாறியது என்ற கணக்கை மென்பொருள் வைத்திருக்க வேண்டும். பிழையையும் தமிழில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் மாணவர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுவார்.

அப்போ யாருக்குப் பயன்?

ஐ.டி. வேலைக்கு இது மாற்று இல்லை. அங்கே பயன்படும் நூலகங்கள், குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். முதல்முறை கற்பவருக்குத்தான் பலன். நிபந்தனை, சுழற்சி என்ற யோசனை தாய்மொழியில் பிடிபட்டுவிட்டால், பைத்தானுக்குப் போகும்போது சொல்லையும் வரிசையையும் மாற்றினால் போதும்.

எழில் இல்லாமலும் பாதி தூரம் போகலாம். 2008ல் வந்த பைத்தான் 3.0 முதலே மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்க முடியும். ‘இஃப்’ ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், பக்கத்தில் ‘மதிப்பெண்’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள். நிரல் ஓடும்.