கொன்றவர் யாவர்? – ‘அந்த நாள்’ குறித்துச் சில சொற்கள்

சென்ற விடுமுறையில் ஓரிரவு, வல்லம் வடகாலில் தொழிற்சாலைப் பணியாளர் சிலர் ஒருங்கு தங்கியிருந்த அறையில், 1954-ஆம் ஆண்டு வெளிவந்த ‘அந்த நாள்’ என்னும் பேசும்படத்தை அவர்களுடன் கண்ணுற்றோம். “பாட்டு எப்போது வரும்?” என்று ஒருவர் வினவினார். ஈற்றளவும் ஒரு பாட்டேனும் வரவில்லை. ஆயினும், பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர் ஒருவரும் கண்ணயர்ந்திலர். அதன் காரணத்தை ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாம்.

ஏ. வி. எம். நிறுவனத்தார் எடுத்த இப்படத்தை இயக்கியவர் எஸ். பாலசந்தர். வீணையில் வல்லவரான அவரே பாட்டையும் கூத்தையும் அறவே விலக்கியது வியப்பன்றோ! பாட்டின்றி வந்த முதல் தமிழ்ப்படம் இதுவே.

1943-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஜப்பானியர் சென்னையிற் குண்டு வீசினர். அதன் மறுநாட் காலையில், வானொலிப் பொறிவல்லுநனாகிய ராஜன் சுடப்பட்டு இறக்கிறான். அவனாக நடித்தவர் சிவாஜி கணேசன். கொன்றவரைத் தேடி வருகிறார் துப்பறியும் அதிகாரி சிவானந்தம். அவராக நடித்த ஜாவர் சீதாராமனே உரையாடலையும் வரைந்தார். அண்டை வீட்டார், தம்பி, தம்பியின் மனைவி, காதற்கிழத்தி, மனைவி உஷா ஆகியோர் தத்தம் கதையைக் கூறுகின்றனர். அவரவர் உறவும் வெறுப்பும் அவரவர் சொல்லிற் கலந்துவிடுகின்றன.

நிற்க. இவ்வமைப்பு தமிழுக்கே உரியதன்று. 1950-ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு ஆந்தனி ஆஸ்க்வித் இயக்கிய ‘தி உமன் இன் கொஸ்டின்’ என்னும் படத்தில், கொலையுண்ட பெண்ணொருத்தியை ஐவர் ஐந்து விதமாகக் காட்டுவர். அவ்வாண்டே ஜப்பானில் அகிரா குரோசவாவின் ‘ராஷோமோன்’ வெளிவந்தது. இவற்றோடு வைத்து எண்ணத்தக்கது நம் படம்.

கொன்றவர் யாவர் என்று தொடங்கும் வினா, சிறிது சிறிதாகக் கொலையுண்டவன் யாவன் என்னும் வினாவாக மாறுகின்றது. ஒருவர் சொல்லைக் கேட்டு நாம் தீர்ப்பளிக்க முனையுந்தோறும், அடுத்தவர் சொல் அதனை அழிக்கின்றது. கண் அயராமைக்குக் காரணம் இதுவே. இடையே பாட்டு வந்திருப்பின், நம் ஐயம் இளைப்பாறியிருக்கும்.

வெளிவந்தபோது இப்படம் பெரும்பொருள் ஈட்டவில்லை. ஆயினும் அறிஞர் போற்றினர். முடிவை யாம் ஈண்டுக் கூறோம். கொன்ற கையைக் கண்ட பின்னரும் அவ்வறையினர் நள்ளிரவு வரை வழக்காடினர், தீர்ப்பு ஒன்றாகவில்லை. ஒரு வாய்ச்சொல் கேட்டே பிறரைக் குற்றவாளியாக்கும் இயல்பு எம்மிடத்தும் உண்டு என்பதை அன்றிரவு உணர்ந்தோம். அன்பர்களும் ஒருமுறை கண்டு தேர்வாராக.