விண்டோஸ் 11க்கு மாறினேன், அப்பாவின் தமிழ் காணாமல் போனது!

வீட்டுக் கம்ப்யூட்டரில் புதிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் பதிவது இப்போதெல்லாம் பெரிய வேலை இல்லை. ஒரு பென் டிரைவ், இரண்டு மணி நேரம், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். நானும் அப்படித்தான் நினைத்தேன். எல்லா பைல்களையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன். ஒரு பைல்கூட அழியவில்லை. ஆனாலும் மறுநாள் காலை அப்பா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, "என்னப்பா இது, நான் எழுதினதெல்லாம் இங்கிலீஷா மாறிப்போச்சு?" என்று கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பைல் பத்திரமாக இருந்தும் அதைப் படிக்க முடியாமல் போவது எப்படி? பழைய தமிழ் பைல்கள் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இது நடக்கலாம். அதனால் என் அனுபவத்தை இங்கே தருகிறேன்.

ஏன் மாற வேண்டியிருந்தது?

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தன. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனாளர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்கள் தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. அப்டேட் நின்றுவிட்டால் கம்ப்யூட்டர் உடனே நின்றுவிடாது. வழக்கம் போல இயங்கும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது. எங்கள் வீட்டில் மின்கட்டணம், பேங்க் வேலை எல்லாம் இதே கம்ப்யூட்டரில்தான் நடக்கின்றன. ஆகவே மாறிவிடுவது என்று முடிவு செய்தேன்.

உங்கள் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளுமா?

விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. டிஸ்க் இடம், 64 பிட் பிராசசர் வேண்டும். இவை பெரும்பாலான வீடுகளில் இருக்கும். சிக்கல் மற்ற மூன்றில்தான் வருகிறது. முதலாவது, பிராசசர் மைக்ரோசாப்ட் தரும் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பின் வந்தவையும். இரண்டாவது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி. மூன்றாவது, பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யு.இ.எப்.ஐ. முறையும் அதில் செக்யூர் பூட் வசதியும்.

இவற்றை நீங்களே சோதிக்கலாம். மைக்ரோசாப்ட் தரும் 'பி.சி. ஹெல்த் செக்' என்ற இலவச புரோகிராமை இயக்கினால் எது குறைகிறது என்று சொல்லிவிடும். ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்பர்மேஷன்' என்று தேடித் திறந்து, 'பயாஸ் மோட்' என்ற வரியையும் பாருங்கள். அங்கே யு.இ.எப்.ஐ. என்று இருந்தால் நல்லது. 'லெகசி' என்று இருந்தால் கொஞ்சம் வேலை இருக்கிறது.

எங்கள் கம்ப்யூட்டர் 2018ல் அசெம்பிள் செய்தது. எட்டாம் தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜி.பி. ராம். ஆனாலும் சோதனையில் தேறவில்லை. டி.பி.எம். இல்லை என்றது. உண்மையில் அது இருந்தது. பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்டெல் போர்டுகளில் இது 'பி.டி.டி.' என்ற பெயரிலும், ஏ.எம்.டி. போர்டுகளில் 'எப்.டி.பி.எம்.' என்ற பெயரிலும் இருக்கும். அதை 'எனேபிள்' செய்தவுடன் அந்தக் குறை தீர்ந்தது. அடுத்து பயாஸ் மோட். அது 'லெகசி' என்று இருந்தது. இங்கேதான் நான் தவறு செய்தேன்.

நான் செய்த தவறு

பயாஸில் யு.இ.எப்.ஐ. முறைக்கு மாற்றிவிட்டு, பென் டிரைவிலிருந்து விண்டோஸ் 11 பதியத் தொடங்கினேன். இந்த டிஸ்க்கில் எம்.பி.ஆர். பார்ட்டிஷன் இருக்கிறது, ஜி.பி.டி. டிஸ்க்கில்தான் பதிய முடியும் என்று செய்தி வந்தது. எம்.பி.ஆர். என்பது டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் பழைய முறை, ஜி.பி.டி. புதிய முறை. 'காப்பிதான் எடுத்தாயிற்றே, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பதிந்தால் கம்ப்யூட்டரும் வேகமாக இருக்கும்' என்று நினைத்து, இருந்த பார்ட்டிஷன்களை எல்லாம் டெலீட் செய்துவிட்டேன்.

இதற்கு வேறு வழி உண்டு. விண்டோஸ் 10லேயே 'எம்.பி.ஆர்.2ஜி.பி.டி.' என்ற கருவி இருக்கிறது. டிஸ்க்கில் உள்ளவற்றை அழிக்காமலேயே புதிய முறைக்கு மாற்றித் தரும். முதலில் அதைக் கொண்டு மாற்றி, பிறகு பயாஸில் யு.இ.எப்.ஐ. ஆக்கி, விண்டோஸ் 10க்கு உள்ளிருந்தே அப்கிரேட் செய்தால் புரோகிராம்கள், செட்டிங்ஸ், எழுத்துருக்கள் எல்லாம் அப்படியே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் பத்து நாட்களுக்குள் விண்டோஸ் 10க்குத் திரும்பவும் முடியும். ஏனெனில் பழைய விண்டோஸ், 'விண்டோஸ் டாட் ஓல்ட்' என்ற போல்டரில் அதுவரை இருக்கும். பார்ட்டிஷனையே அழித்த எனக்கு அந்த வசதியும் இல்லாமல் போனது.

தமிழ் எங்கே போனது?

அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வயது 79. திருச்சி பக்கம் எங்கள் ஊரின் ஏரி, வாய்க்கால், 1977 நவம்பரில் வந்த வெள்ளம் ஆகியவை பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு இருபது ஆண்டுகளாக டைப் செய்து வைத்திருக்கிறார். மொத்தம் 63 வேர்ட் பைல்கள். வெள்ளம் பற்றிச் சொன்ன ஏழு பேரில் இன்று ஒருவரும் உயிருடன் இல்லை. அந்த பைல்கள்தான் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன.

காரணம் இதுதான். இன்று நாம் பயன்படுத்தும் யுனிகோடில் 'த' என்ற எழுத்துக்கு அதற்கே உரிய எண் இருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் அது 'த' தான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அப்படி இல்லை. அவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்தவை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் பைலில் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்ற ஐந்து குறிகள்தாம். எழுத்துரு இருக்கும்வரை திரையில் தமிழ் தெரியும். அது இல்லாவிட்டால் விண்டோஸ் வேறோர் எழுத்துருவைப் போட்டு அந்த ஐந்து குறிகளையும் அப்படியே காட்டிவிடும்.

அப்பாவின் பைல்கள் அனைத்தையும் நான் காப்பி எடுத்தேன். ஆனால் எழுத்துருக்கள் டாக்குமெண்ட்ஸ் போல்டரில் இருப்பதில்லை. விண்டோஸ் போல்டருக்குள் 'பாண்ட்ஸ்' என்ற போல்டரில் இருக்கும். அதை எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

பரணில் இருந்த மருந்து

இந்த நிலையில் முதலில் செய்ய வேண்டியது, எந்த எழுத்துரு என்று கண்டுபிடிப்பது. வேர்டில் அந்த வரியின் மீது கர்சரை வையுங்கள். எழுத்துரு கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் மேலே உள்ள பாண்ட் கட்டத்தில் தெரியும். 63ல் 51 பைல்கள் பாமினி. அது எளிதாகக் கிடைக்கிற எழுத்துரு என்பதால் டவுண்லோட் செய்து பதிந்தேன். பத்தே நிமிடத்தில் தமிழ் திரும்பியது.

மீதி 12 பைல்கள் வேறோர் எழுத்துருவில் இருந்தன. 2004ல் வாங்கிய முதல் கம்ப்யூட்டரில் அக்கம்பக்கத்து டி.டி.பி. கடைக்காரர் போட்டுக் கொடுத்தது. எவ்வளவு தேடியும் இணையத்தில் அது கிடைக்கவில்லை. வெள்ளக் குறிப்புகள் அந்தப் பன்னிரண்டில்தான் இருந்தன. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்லை, ஞாபகம் இருக்கிறதை மறுபடி அடிக்கிறேன்" என்றார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பிறகுதான் பரணில் கிடந்த அந்த 2004 கம்ப்யூட்டர் நினைவுக்கு வந்தது. அதன் ஹார்ட் டிஸ்க் பட்டையான கேபிள் கொண்ட ஐ.டி.இ. வகை, இன்றைய போர்டில் மாட்ட முடியாது. ஐ.டி.இ. டிஸ்க்கை யு.எஸ்.பி.யில் இணைக்கும் அடாப்டர் ஒன்றை வாங்கி வந்தேன். மின்சாரம் கொடுத்ததும் டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்டது. கூடவே டிரைவும் தெரிந்தது. அதிலிருந்த எக்ஸ்பியின் பாண்ட்ஸ் போல்டரைத் திறந்தால், தேடிய எழுத்துரு அங்கேயே இருந்தது. காப்பி எடுத்து, அதன் மீது ரைட் கிளிக் செய்து, 'இன்ஸ்டால் பார் ஆல் யூசர்ஸ்' கொடுத்தேன். வேர்டைத் திறந்ததும் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார்.

யுனிகோடுக்கு மாற்றுங்கள்

எழுத்துரு கிடைத்ததோடு வேலை முடியவில்லை. அடுத்த முறையும் இதே கதை நடக்கும். எனவே எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றத் தொடங்கினோம். பாமினி, டாம், டாப், திஸ்கி போன்ற பழைய முறைகளிலிருந்து மாற்றித் தரும் இலவச புரோகிராம்கள் உள்ளன. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பைலுக்கு இடையில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். ஆகவே பத்தி பத்தியாக மாற்றி, ஒரு முறை படித்துப் பாருங்கள். டி.டி.பி. எழுத்துருவுக்கு மாற்றி எதுவும் பொருந்தவில்லை. அந்தப் பன்னிரண்டு பைல்களையும் முதலில் பி.டி.எப். ஆகச் சேமித்தோம். பி.டி.எப்.பில் எழுத்துருவைச் சேர்த்தே வைக்க முடியும் என்பதால் எந்தக் கம்ப்யூட்டரிலும் அதைப் படிக்கலாம். அதைப் பார்த்து அப்பா தினமும் இரண்டு பக்கம் யுனிகோடில் அடித்து வருகிறார். அவருக்குப் பழகிய பாமினி விசை அமைப்பிலேயே யுனிகோடில் அடிக்க உதவும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். புதிதாகக் கற்பவர்களுக்குத் தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 11லேயே இருக்கிறது.

மாறும் முன் மறக்காதீர்கள்

1. பைல்களோடு விண்டோஸின் பாண்ட்ஸ் போல்டரையும் காப்பி எடுங்கள். உங்கள் யூசர் பெயரில் மட்டும் பதிந்த எழுத்துருக்கள் வேறு இடத்தில் இருக்கும். 'ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாப்ட், விண்டோஸ், பாண்ட்ஸ்' என்ற வரிசையில் சென்று அவற்றையும் எடுங்கள்.

2. ஒவ்வொரு வகை பைலிலும் ஒன்றை எடுத்து, 'இதைத் திறக்க என்ன வேண்டும்?' என்று கேட்டுப் பாருங்கள். கீபோர்டு மென்பொருள், கணக்கு புரோகிராம், அதன் சீரியல் எண், பிரிண்டர் டிரைவர் எல்லாவற்றையும் தாளில் எழுதி வையுங்கள்.

3. முக்கியமான பழைய தமிழ் பைல்களை மாறும் முன்பே பி.டி.எப். ஆகச் சேமியுங்கள்.

4. காப்பி எடுத்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டித் திறந்து பாருங்கள். அங்கே படிக்க முடிந்தால்தான் அது காப்பி.

5. யுனிகோடில் லதா எழுத்துரு கொண்டு அடித்த பைல்களின் தோற்றம் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் பீச்சர்ஸ்' சென்று தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்களைச் சேர்த்தால் லதா வந்துவிடும்.

6. டிஸ்க் என்கிரிப்ஷன் இயக்கத்தில் இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பயாஸில் கை வைத்தால் அதைக் கேட்கக்கூடும்.

7. பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் முன், அதன் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 11 இப்போது எங்கள் வீட்டில் ஒழுங்காக ஓடுகிறது. அப்பாவின் 51 பைல்கள் யுனிகோடுக்கு வந்துவிட்டன. பன்னிரண்டில் நான்கு முடிந்திருக்கின்றன. உங்கள் வீட்டிலும் அப்பாவோ தாத்தாவோ தமிழில் அடித்து வைத்த பைல்கள் இருக்கலாம். சிஸ்டத்தை மாற்றும் முன் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவற்றை ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.