சதுரங்கப்பட்டினக் கடலில் பெயர் மாறிய கப்பல்

வேளச்சேரி ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர், ஏரியில் எங்காவது கடற்படைப் போர் நடந்திருக்குமா என்று விளையாட்டாகக் கேட்டார். நடந்திருக்கிறது. 1915 டிசம்பரில் ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரியில் 'கிங்கானி' என்ற ஜெர்மானியப் போர்ப்படகைப் பிடித்த ஆங்கிலேயர், அதற்கு 'ஃபிஃபி' என்று பெயர் சூட்டினர். அடுத்த பிப்ரவரியில் அதைக் கொண்டே இன்னொரு ஜெர்மானியக் கப்பலை மூழ்கடித்தனர். ஆனால், அவருக்கு நான் சொல்லத் தொடங்கியது நம் கடற்கரையில் நடந்த, அதைவிடப் பழைய கதை.

1779-இல் வெள்ளோட்டம் விடப்பட்ட 'ஹானிபல்', 50 பீரங்கிகள் கொண்ட ஆங்கிலேயப் போர்க்கப்பல். 1782 ஜனவரியில் அது தனியே வந்தபோது, மொரீஷியஸிலிருந்து சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த பிரெஞ்சுக் கடற்படையிடம் சிக்கியது. அப்படையில் 'அனிபல்' என்ற பெயரில் 74 பீரங்கிக் கப்பல் ஏற்கெனவே இருந்ததால், பிடிபட்டது 'சின்ன அனிபல்' ஆயிற்று. அடுத்த மாதம் 17-ஆம் நாள், கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால், தன்னைக் கட்டிய நாட்டின் கப்பல்களுக்கு எதிராகவே அது அணிவகுத்து நின்றது.

இதில் பொருளாதாரக் கணக்கு ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனுக்கு இக்கரையில் பழுதுபார்க்கும் துறை கிடையாது. மொரீஷியஸோ வெகு தொலைவு. நாகப்பட்டினப் போருக்குப் பின் கடலூரில் வீடுகளைப் பிரித்து மரம் எடுக்க வேண்டிய நிலை அவருக்கு. (வீட்டுக்காரர்களுக்கு இழப்பீடு கிடைத்ததா என்று கேட்பது என் தொழில் வழக்கம்.) போர்க்கப்பலைக் கட்ட ஆண்டுக்கணக்கில் ஆகும் அக்காலத்தில், பாயும் பீரங்கியுமாகக் கிடைத்த கப்பல் செலவில்லாத மூலதனம். எதிரியும் இக்கணக்கை அறிந்தவரே. சதுரங்கப்பட்டினப் போருக்கு முன், பிரெஞ்சுக்காரர் பிடித்து வைத்திருந்த ஐந்து ஆங்கிலேயக் கப்பல்களை ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் மீட்டுக்கொண்டார். படைவீரர்களும் தளவாடங்களும் ஏற்றி வந்த பிரெஞ்சுக் கப்பல் ஒன்றும் அவர் கையில் சிக்கியது. ஹானிபல் மட்டும் மீளவில்லை. சதுரங்கப்பட்டினம், ப்ராவிடியன், நாகப்பட்டினம், திருகோணமலை, 1783 ஜூனில் கடலூர் என ஐந்து போர்களிலும் அது பிரெஞ்சு அணியிலேயே இருந்தது.

கப்பலில் இருந்த மனிதர்களின் கணக்கு வேறு. கப்பலால் வரவு, கைதிகளாலோ சோற்றுச் செலவு. அவர்களைப் பரிமாறிக்கொள்ள சுஃப்ரேன் முயன்றார். ஆங்கிலேயத் தரப்பு இசையவில்லை. இறுதியில் அவர்களைத் தம் கூட்டாளியான ஹைதர் அலியிடம் ஒப்படைத்தார். வேறு வழியில்லை என்று அவருக்காக வாதாடுவோர் உண்டு. என்னால் அதை முழுமையாக ஏற்க இயலவில்லை. பரிமாற்றத்தை மறுத்தவர்களையும் பொறுப்பிலிருந்து விடுவிக்க மாட்டேன்.

அக்கைதிகளில் ஒருவன் ஜேம்ஸ் ஸ்கரி, ஹானிபலில் பணிபுரிந்த பதின்வயதுச் சிறுவன். ஸ்ரீரங்கப்பட்டினத்தில் அவனுக்கும் மதமும் பெயரும் மாற்றப்பட்டன. மைசூர்ப் படையில் சேர்க்கப்பட்டான். 1783-இல் போர் ஓய்ந்து, நாடுகள் உடன்படிக்கை எழுதி முடித்த பின்னும் அவன் விடுவிக்கப்படவில்லை. ஏறத்தாழ 10 ஆண்டுகளுக்குப் பின் தப்பி, ஊர் திரும்பினான். அவன் எழுதிவைத்த சிறைவாழ்க்கைக் குறிப்புகள் 1824-இல் லண்டனில் நூலாக வெளிவந்தன.