துளை பொருந்தினால் போதாது

தென்மேற்குப் பருவக்காற்று உக்கிரங்கொள்ளும் மாதங்களில், ஹட்டன் பகுதியின் லயக் கூரைகள்மேல் சாய்ந்த டர்பன்டைன் மரத்தை அறுத்து அகற்றவும், கொழுந்தை வாட்டி உலர்த்தும் தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்புக்கு விறகு தறிக்கவும், நம் தோட்டத் தொழிலாளர் நம்பியிருக்கும் கருவி சங்கிலிவாள். அதன் பற்களைத் தீட்டும் சாணைக்கல்லோ, கண்ணுக்கும் கைக்கும் மிக அருகே சுழலும் வஸ்துவாக இருந்தும், துளை பொருந்துகிறதா என்ற ஒரே கேள்வியோடு பல சமயங்களில் வாங்கப்பட்டுவிடுகிறது.

மழுங்கிய பல்லின் துன்பத்தை அறுப்பவர் அறிவர். மரம் சீவலாக விழாமல் மாவாக உதிரும்; வாளை அழுத்தியே அறுக்க நேரும்; அழுத்தும் கை சோர்ந்து பிடி தவறும். ஆகவே தீட்டுவது அவசியமே. எந்தக் கல்லால், எந்த வேகத்தில் என்பதே விசாரிக்க வேண்டிய விஷயம்.

சங்கிலி தீட்டும் இயந்திரங்களில் பரவலாக வழங்கும் கல் 145 மில்லிமீற்றர் விட்டமும் ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் துளையும் உடையது. கையில் பிடிக்கும் 125 மில்லிமீற்றர் கிரைண்டரின் தட்டுகளுக்கும் துளை ஏறக்குறைய அவ்வளவே. இந்த ஒற்றுமையே அபாயத்தின் வித்து. செக்கனுக்கு 35 மீற்றர் என வேக எல்லை அச்சிட்ட கல் நிமிடத்துக்குச் சுமார் 4,600 சுற்றுவரைதான் தாங்கும். அந்தக் கிரைண்டரோ சுமார் 11,000 சுற்றுச் சுழலும். கல்லைப் பிளக்க முயலும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவதால், அது ஐந்து மடங்கையும் தாண்டிவிடும். பெரிய கல் அடங்க வேண்டி இயந்திரத்தின் காப்புறையையும் கழற்றிவிட்டால், உடைந்து பறக்கும் துண்டுக்கும் முகத்துக்கும் நடுவே தடுப்பென்று எதுவுமில்லை.

சாதாரண எஃகுச் சங்கிலிக்கு அலுமினியம் ஒக்சைட்டுக் கல்லே உரியது. பச்சை நிறச் சிலிக்கன் காபைட்டுக் கல்லும் வைரத் தூள் பதித்த சில்லும் அதற்கு ஏற்றவையல்ல. தடிப்பைச் சங்கிலியின் அளவே நிர்ணயிக்கும்: சிறு சங்கிலிக்கு 3.2 மில்லிமீற்றர், பெருஞ்சங்கிலிக்கு 4.7, பல்லின் முன்னுள்ள ஆழமானியைத் தாழ்த்த 6. தடித்த கல்லை நெருக்கினால் பல் சிதையும். வெட்டுமுனை நீலம் பாய்ந்தால், சூட்டினால் எஃகு பதமிழந்தது என்று பொருள். ஆதலால் கல் பல்லைத் தொட்டும் தொடாமலும் மெல்லத் தீட்டுக.

மாட்டுவதற்குமுன் ஒரு பரீட்சை செய்க. கல்லைத் துடைத்து, துளையில் விரலைச் செலுத்தித் தொங்கவிட்டு, திருப்புளியின் மரப்பிடியால் விளிம்புக்குச் சற்று உள்ளே இருபுறமும் தட்டுக. பீங்கான் கோப்பைபோல் தெளிந்த நாதம் எழுந்தால் நன்று. ஓட்டைச் சட்டிபோல் ஒலித்தால், பிறர் எடுத்து மாட்டாதபடி அதை உடைத்தெறிக. மலைநாட்டு மூடுபனியில் ஈரமேறிய கல்லும் சரியாக ஒலிக்காது, உலர்ந்தபின் தட்டுக. பிசினால் இறுக்கிய கல்லுக்கு இச்சோதனை பொருந்தாது. மாட்டியபின், காப்புறையோடும் கண்ணாடியோடும் விலகி நின்று, ஒரு நிமிடம் வெறுமே சுழலவிடுக.

இனி உரிமை. தொழிற்சாலையில் இயந்திரத்தின் அபாயகரமான பாகங்களுக்குக் காப்பிடுவது, 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நிர்வாகத்துக்கு விதித்த கடமை. அதைக் கேட்பது யாசகமன்று. கேட்டும் கிடைக்காவிடின் தொழிற்சங்கத்தின் மூலமோ நேரிலோ தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். வேலையிற் காயமுற்றோருக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பரிகாரம் தருகிறது. அன்றே விபத்தை எழுத்தில் அறிவித்து, வைத்தியசாலைத் துண்டையும் உடைந்த கல்லையும் பத்திரப்படுத்துக. கொந்தராத்தில் அறுப்போர், யாருக்காக வேலை செய்தோம் என்பதற்குச் சான்று வைத்திருப்பது நலம்.

பழுதான கல் விற்கப்பட்டிருப்பின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. பற்றுச்சீட்டின்றி வழக்கு நிற்பது கடினம்.

கல்லில் அச்சிட்ட எழுத்து அந்நிய மொழியாக இருப்பின், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டாவது அதை வாசித்தறிந்து, இயந்திரத்தின் வேகத்தோடு ஒப்பிட்டபின் பணத்தைக் கொடுங்கள். கடையில் செலவாகும் அந்த இரண்டு நிமிடம், ஒரு குடும்பத்தின் ஜீவனத்தைத் தாங்கும் கண்ணையும் கையையும் காக்கும்.