உங்களுக்குத் தெரியுமா?

கேரளத்தில் சினிமா எடுப்பவர்கள், பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவைப் படப்பிடிப்புத் தளத்துக்கென்றே அமைத்தாக வேண்டும்!

● 2022 மார்ச் 17-இல் இப்படித் தீர்ப்பளித்தது கேரள உயர் நீதிமன்றம்.

● வழக்குத் தொடுத்தது ‘விமன் இன் சினிமா கலெக்டிவ்’. 2017 பிப்ரவரியில் கொச்சியில் ஓடும் காருக்குள் ஒரு நடிகை தாக்கப்பட்ட பிறகு திரண்ட திரைத்துறைப் பெண்கள் இவர்கள். பட வாய்ப்பு பறிபோகலாம் என்று தெரிந்தேதான் பேசினார்கள்.

● இவர்கள் முதல்வரிடம் கொடுத்த மனுவால்தான், மலையாளத் திரைத்துறையில் பெண்களின் நிலையை ஆராயும் நீதிபதி ஹேமா குழு அமைந்தது. நடிகை சாரதாவும் அதில் உறுப்பினர். 2019 டிசம்பர் 31-இல் அரசிடம் தந்த அறிக்கை, மக்கள் பார்வைக்கு வந்ததோ 2024 ஆகஸ்ட் 19-இல். நாலரை ஆண்டு! அப்போதும் சில பகுதிகளை நீக்கிவிட்டே வெளியிட்டார்கள்.