உங்களுக்குத் தெரியுமா?

வைரஸின் ஓட்டுக்கு வலுவூட்டும் ஒரு புரதம், பாக்டீரியாவின் ‘எமனை’யும் மடக்குகிறது!

• ஈ.கோலை பாக்டீரியாவில் ‘ரோ’ என்றொரு புரதம். ஆறு துண்டுகள் சேர்ந்த வளையம். வளர்ந்துகொண்டிருக்கும் ஆர்.என்.ஏ. இழையைப் பற்றி, மரபணு நகலெடுப்பைப் பாதியில் முடித்துவிடும். திருக்கடையூரில் மார்க்கண்டேயர் மேல் விழுந்த எமனின் பாசக்கயிறு மாதிரிதான். ‘பி-4’ வைரஸின் ஓட்டுக்கு வலுவூட்டும் ‘பி.எஸ்.யூ.’ புரதம் ரோவையே பிடித்து முடக்குகிறது, நகலெடுப்பு தொடர்கிறது.

• பி.எஸ்.யூ. புரதத்தின் வடிவத்தை 2012இல் வெளியிட்டவர்கள் நம் நாட்டு விஞ்ஞானிகள்: கொல்கத்தா சாஹா அணு இயற்பியல் நிறுவனமும் ஹைதராபாத் டி.என்.ஏ. ரேகை மையமும். இரண்டு பிரதிகள் முடிச்சாகப் பின்னிக் கிடக்கின்றன. என்ன அழகு!

• லாம்டா வைரஸின் வழி வேறு. அதன் ‘என்’ புரதம், பாக்டீரியாவின் ‘நுஸ்’ புரதங்களோடு சேர்ந்து நகலெடுக்கும் நொதியிலேயே ஏறிக்கொள்ளும். நிறுத்தக் குறிகளைத் தாண்டவைக்கும்.

• பாக்டீரியாவும் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்களின் நகலெடுப்பை, பாதியில் நின்றுவிடாமல், இதே நுஸ் புரதங்களால்தான் காக்கிறது.