முழுத் தொகையைக் கட்ட இயலாத மாதம்

வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பரந்துள்ள தோல் தொழில் வட்டாரத்தில் குடும்ப வருமானம் வெளிநாட்டு ஆர்டர்களைப் பொறுத்தே ஏறி இறங்குகிறது. ஆர்டர் மிகுந்த மாதங்களில் ஓவர்டைம் கூலி கைக்கு வருவதும், ஆர்டர் குறைந்தவுடன் அதுவே முதலில் நின்றுபோவதும் ஷூ கம்பெனிகளில் வேலை செய்வோர் நன்கறிந்தவை. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்கச் சுங்கவரி 50 விழுக்காடாக உயர்ந்தபோது இவ்வட்டாரம் அடைந்த கவலைக்கும் அதுவே காரணம். ஆதலால் இங்குள்ள ஒருவர் கடன் அட்டைக்கு விண்ணப்பிக்குமுன் பல அட்டைகளை ஒப்பிடும்போது, எந்த அட்டை அதிகச் சலுகை தருகிறது என்பதைக் காட்டிலும், முழுத் தொகையையும் கட்ட இயலாத மாதத்தில் எந்த அட்டை எவ்வளவு பிடிக்கும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கடன் அட்டையில் வாங்கிய பொருளுக்கு, பில்லில் குறித்த கெடுத் தேதிக்குள் முழுப் பணத்தையும் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. வாங்கிய நாளைப் பொறுத்து இச்சலுகைக் காலம் பொதுவாக 20 முதல் 50 நாள் வரை அமையும். கெடுவுக்குள் கட்ட வேண்டிய மிகக் குறைந்த தொகை என்று பில்லிலேயே ஒரு தொகை அச்சிடப்பட்டிருக்கும். பல அட்டைகளில் மொத்தத்தில் 5 விழுக்காடாக உள்ள அத்தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் விழாதே தவிர, வட்டி நிற்பதில்லை. 20,000 ரூபாய் பில்லுக்கு 1,000 ரூபாய் மட்டும் கட்டுபவரின் மீதி 19,000 ரூபாய்க்கு, மாதம் 3.5 விழுக்காடு என்ற பரவலான விகிதத்தில், ஒரு மாத வட்டி 665 ரூபாயும் அதன்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி ஏறத்தாழ 120 ரூபாயும் ஆகின்றன. அடுத்த மாதம் அவர் மீண்டும் 1,000 ரூபாய் கட்டினாலும், அதில் ஏறத்தாழ 215 ரூபாய்தான் அசலில் கழியும். போதாக்குறைக்கு, பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாச் சலுகை கிடைப்பதில்லை. ஏடிஎம்மில் இந்த அட்டையைக் கொண்டு பணம் எடுத்தாலோ அன்றே வட்டி தொடங்கிவிடும்.

மாதம் 3.5 விழுக்காடு என்று சிறிதாகத் தோன்றுவது ஆண்டுக்கு 42 விழுக்காடு. ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வசூலிப்பது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008இல் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்துச் செய்துவிட்டதால், அந்த வரம்பு தங்களைக் காக்கும் என்று எவரும் நம்பியிருக்க இயலாது. ஆண்டு வட்டி விகிதத்தைக் கேட்டறிவது விண்ணப்பிப்பவரின் பொறுப்பாகிறது. வட்டியை விலக்குவதை மார்க்கக் கடமையாகக் கருதும் குடும்பங்கள் பெருமளவில் வாழும் ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களில் இக்கேள்விக்கு இன்னும் கூடுதலான முக்கியத்துவம் உண்டு.

கெடுத் தேதியும் சம்பளத் தேதியும் பொருந்துகின்றனவா என்பது அடுத்துப் பார்க்கத்தக்கது. சம்பளம் மாதத்தின் முதல் வாரத்தில் வரும் குடும்பத்துக்குக் கெடு மாதக் கடைசியில் விழுந்தால், கையில் பணம் வற்றிய வேளையில் பில் வந்து நிற்கும். பில் சுழற்சியைக் குறைந்தது ஒரு முறையாவது மாற்றிக்கொள்ள ரிசர்வ் வங்கியின் விதி இடமளிக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சலுகைகளின் மதிப்பையும் கணக்குப் போட்டே அறிய வேண்டும். ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய் என்றால் ஜிஎஸ்டியுடன் 590 ரூபாய் ஆகும். நூறு ரூபாய் செலவுக்கு ஒரு புள்ளியும், ஒரு புள்ளிக்கு 25 காசு மதிப்பும் தரும் அட்டையில் அந்த 590 ரூபாயை மீட்க 2,36,000 ரூபாய் செலவழித்தாக வேண்டும். விமான நிலைய ஓய்வறைச் சலுகைக்காகக் கட்டணம் கட்டுவது பேருந்திலும் ரயிலிலும் பயணம் செய்பவருக்கு வீண். இதற்கு மாறாக, மிலான் நகரின் லினியாபெல்லே தோல் கண்காட்சிக்குச் செல்லும் ஏற்றுமதியாளருக்கு அந்நியச் செலாவணிக் கூடுதல் கட்டணம் முக்கியமானது: 3.5 விழுக்காடும் அதன்மீது ஜிஎஸ்டியும் சேர்ந்தால், ஒரு லட்சம் ரூபாய்ச் செலவுக்கு 4,130 ரூபாய் கூடுதலாகப் போகும். உள்ளூர்க் கடைகளில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் செலுத்துபவருக்கு, 2022 முதல் யுபிஐயுடன் இணைக்க வழி ஏற்பட்ட ரூபே கடன் அட்டை பயன்படும்.

இதுவரை கடனே வாங்காததால் சிபில் மதிப்பெண் இல்லாதவர்களுக்கு, வைப்புத்தொகையை ஈடாகக் கொண்டு தரப்படும் அட்டை ஏற்ற தொடக்கமாகும். ஒரே சமயத்தில் பல வங்கிகளில் விண்ணப்பித்துப் பார்ப்பது நல்லதன்று; ஒவ்வொரு விண்ணப்பமும் கடன் அறிக்கையில் பதிவாகி மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடும்.

இவ்வளவையும் ஒப்பிடுவதற்குத் தேவையான தாள் விண்ணப்பத்துடனேயே கிடைத்தாக வேண்டும். வட்டி விகிதமும் கட்டணங்களும் அடங்கிய ஒரு பக்க முக்கிய விவரக் குறிப்பை வங்கிகள் விண்ணப்பத்துடன் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட நெறிமுறைகள் கட்டளையிடுகின்றன. பாக்கியில்லாத அட்டையை மூடக் கோரியபின் ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால், நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு அபராதம் தர வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. அந்த ஒரு பக்கத்தைக் கேட்டுப் பெற்று, குறைந்தது இரண்டு வங்கிகளின் தாள்களை அருகருகே வைத்துப் படிக்காமல் எவரும் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டாம்.